என் பேரில் ஒரு பாயிண்ட் டூ டூ

எங்கள் வீட்டில் எல்லாமே என் பேரில்தான் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி இரண்டும் என் பேரில். தம்மம்பட்டிப் பக்கம் வாங்கின மக்காச்சோளக் காடு என் பேரில். கோழிப் பண்ணையின் கரண்ட் கனெக்‌ஷன் என் பேரில். என் வீட்டுக்காரர் காதில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கத்துகிறாரே, அந்த சிம் கார்டுகூட என் பேரில்தான். கேள்விப்படுகிறவர்கள், "உனக்கென்ன அம்மிணி, ராணியாட்டம் இருக்கற" என்பார்கள். எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறும். பேர்தான் என்னுடையது. அந்தக் காட்டில் மக்காச்சோளம் போடலாமா, கடலை போடலாமா என்று ஒருநாளும் என்னை ஒருவரும் கேட்டதில்லை.

இதற்குக் காரணம் என் மேல் இருந்த பிரியம் என்று நினைத்துவிட வேண்டாம். ஜோசியம்தான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அவர் தன் பேரில் ஒரு ரிக் வண்டி எடுத்து மத்தியப் பிரதேசத்துக்குப் போனார். போட்ட குழியெல்லாம் புழுதி. வண்டியின் கம்ப்ரசரும் வெடித்தது. திரும்பி வந்து திருச்செங்கோட்டில் ஒரு ஜோசியரிடம் உட்கார்ந்தார். "சம்சாரம் பேருக்குத்தான் ராசி, எதுவானாலும் அந்தம்மா பேர்ல போடுங்க" என்று ஜோசியர் சொல்லி அனுப்பினார். அடுத்த வண்டி என் பேரில். முதல் குழியிலேயே தண்ணீர் பீய்ச்சி அடித்ததாம். அன்றிலிருந்து அவர் விரல் வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. எங்கள் பக்கத்து ரிக்காரர் வீடுகளில் இது ஒன்றும் அதிசயமில்லை. பாதிப் பெண்களுக்குத் தங்கள் பேரில் எத்தனை சக்கரம் ஓடுகிறது என்றே தெரியாது.

இப்படி என் பேரில் கடைசியாக வந்தது ஒரு துப்பாக்கி. அதுவும் மற்றதைப்போல வெறும் பேருக்கு என்னுடையதா, இல்லை நிஜமாகவே என்னுடையதா என்பதுதான் ஒரு வருஷம் எங்கள் வீட்டில் நடந்த சண்டை.

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கி மேல் கிறுக்கு பிடித்தது செல்போனால். வெளிநாட்டுக்காரன் ஒருவன் பனியில் படுத்து மானைக் குறி வைக்கிற வீடியோ ஒன்றை எவரோ அனுப்பி வைத்தார்கள். அதோடு போச்சு. காலையில் பல் விளக்கும்போது வீடியோ. கோழிக்குத் தீவனம் இறங்கும்போது வீடியோ. சாயங்காலம் ரிக் கூட்டாளிகள் நாலு பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டால் ஆட்டையாம்பட்டி முறுக்கு ஒரு பாக்கெட் தீரும்வரை காலிபர் பேச்சுத்தான். எந்த அளவுக் குழலில் எந்த அளவுக் குண்டு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம். இவர்கள் ஒருவர்கூடத் துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

"மானுக்குன்னா டூ செவன்ட்டி போதுமுங்க. கோடு போட்டாப்பல நேராப் போகுது" என்றார் ஒருவர்.

"அட, த்ரீ நாட் எய்ட்டு முன்னால அதெல்லாம் நிக்குமா? கெடைக்காத ஊரே இல்ல, கேக்காத ஆளே இல்ல."

"ரெண்டு பேரும் பழைய காலத்துலயே இருங்க. இப்ப ஓடறது ஆறரை மில்லி. காத்துக்கு அசையறதில்ல. மானுக்கும் ஆச்சு, ஆயிரம் கஜத்துல குறிக்கு வெச்ச தகடு அடிக்கறதுக்கும் ஆச்சு."

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கம்ப்ரசர் விஷயத்தில் தீர்ப்பு சொல்கிற அதே குரலில் சொன்னார்: "எதானாலும் பெருசா வாங்கிப்போடோணும். சின்ன கம்ப்ரசர் வாங்கினவன் எவன் உருப்பட்டான்?"

டீ கொண்டுபோன நான் தட்டை வைத்துக்கொண்டே கேட்டேன். "ஏனுங்க, எந்த மானுங்க?"

நாலு பேரும் முறுக்கைப் பார்த்தார்கள்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். நம்ம ஊர்ல மானைத் தொட்டாவே உள்ள போயி களி திங்கோணும். இதுல டூ செவன்ட்டியா த்ரீ நாட் எய்ட்டான்னு என்ன பஞ்சாயத்து?"

"சும்மா ஒரு இதுக்குப் பேசிக்கறதுதான் புள்ள" என்றார் என் வீட்டுக்காரர். ஆனால் அவர் கண் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் ஒரு பெரிய துப்பாக்கி இருக்க வேண்டும், கூட்டாளிகள் வந்தால் பீரோவைத் திறந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அடிப்பதற்கு மான் வேண்டும் என்றுகூட இல்லை.

வழி ஒன்று கிடைத்தது. தம்மம்பட்டிக் காட்டில் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கி மக்காச்சோளத்தைத் துவம்சம் செய்துகொண்டிருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று துப்பாக்கி லைசென்ஸ் கேட்கலாம் என்று ஒரு கூட்டாளி சொன்னார். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கேட்க வேண்டும். நிலம் என் பேரில். ராசியும் என் பேருக்குத்தான். என் வீட்டுக்காரர் துள்ளிக் குதித்து விண்ணப்பத்தைக் கொண்டுவந்து விரலை வைத்தார். நான் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கை. தாளில் வெங்காய வாசனை அடித்தது நினைவிருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு எஸ்.ஐ. ஒருவர் வந்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், மரியாதையானவர். மோர் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீங்க துப்பாக்கி சுட்டுப் பழகியிருக்கீங்களா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பத்தொன்பது வருஷப் பழக்கம்.

"அவளுக்கு எதுக்குங் சார் அதெல்லாம்? பேரு மட்டுந்தானுங் அவளுது. மத்ததெல்லாம் நான் பாத்துக்குவனுங்" என்றார் அவர், ஒரு குறையும் இல்லாத முகத்தோடு.

எஸ்.ஐ. டம்ளரைக் கீழே வைத்தார். "சார், வண்டி ஆர்.சி. புக்குன்னு நெனச்சுட்டீங்களா? லைசென்ஸ் யாரு பேர்ல இருக்கோ அவங்கதான் தொடணும். நீங்க தூக்கிக்கிட்டுப் போனா உங்க மேல கேஸு, கொடுத்ததுக்கு அவங்க மேலயும் கேஸு."

"ஊட்டுக்குள்ள எடுத்துத் தொடச்சு வெக்கறதுகூட…"

"தொடைக்கறதும் அவங்கதான்."

என் வீட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர், "அப்ப என்ர பேருக்கு மாத்திக்கலாமுங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிலத்தை உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க, பாக்கலாம். அது வரைக்கும் இவங்கதான் பயிற்சிக்குப் போயி சான்றிதழ் வாங்கணும். இன்னொன்னும் சொல்றேன். லைசென்ஸ் வந்துடுச்சுன்னு பன்னியைக் கண்டமேனிக்குச் சுட முடியாது. அதுக்கு வனத்துறை அனுமதி தனி."

நிலத்தை மாற்றுவதா? அவர் அதே ஜோசியரிடம் ஓடினார். பேரை மாற்றினால் கிணறு வற்றும் என்று ஜோசியர் ஒரே போடாகப் போட்டுவிட்டார். வேறு வழியில்லை. "மூணு ஞாயித்துக்கிழமை புள்ள. போயி அந்தக் காகிதத்தை மட்டும் வாங்கிட்டு வந்துரு" என்றார். எனக்கும் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமைதான் கறி எடுத்து நிதானமாகச் சமைக்கிற நாள்.

சுடுதளம் சேலத்துக்குக் கிழக்கே, அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டி, ஒரு சின்னப் பாறைக் கரட்டின் அடிவாரத்தில் இருக்கிறது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, தூரத்தில் மண்மேடு. ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு முன்னால் சுடுகிறவர்கள், பின்னால் மற்றவர்கள். உறுப்பினர் இல்லாத என் வீட்டுக்காரரைப் பின்னால் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் சேலம் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற பாய் ஒருவர். கிளப்பில் எல்லாருக்கும் அவர் பாய்தான். மாநிலப் போட்டிகளில் பல வருஷம் சுட்டவர். வாரம் முழுவதும் கண்ணாடி விற்றுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்துவிடுவார்.

முதல் நாள் அவர் என்னிடம் துப்பாக்கியே கொடுக்கவில்லை. செல்போனை வாங்கிப் பெட்டியில் போட்டார். விரிப்பில் குப்புறப் படுக்கச் சொன்னார். "மூச்சை மட்டும் பாருங்க தங்கச்சி. உள்ள போறது, வெளிய வர்றது, நடுவுல ஒரு சின்ன நிறுத்தம். அந்த நிறுத்தம்தான் உங்களுக்கு வேணும்."

சிரிக்காதீர்கள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகலில் ஒரு மணி நேரம் நான் படுத்தது அன்றைக்குத்தான். யாரும் கூப்பிடவில்லை. குக்கர் விசில் இல்லை. தீவன லாரி ஹாரன் இல்லை. எதிரே வெயிலில் ஒரு வெள்ளைத்தாள், நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். எழுந்தபோது முழங்கையெல்லாம் வரிவரியாக விரிப்பின் அச்சு. ஆனால் மனசு குளித்து முடித்த மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது என்று பச்சையாகவே சொல்கிறேன்.

இரண்டாவது வாரம் ஏர் ரைபிள். நாலாவது வாரம் பாயிண்ட் டூ டூ என்கிற சின்னக் குண்டு ரைபிள். மூன்று வாரம் தாண்டிவிட்டதை என் வீட்டுக்காரர் கவனிக்கவில்லை. பின்னால் பெஞ்சில் அவருக்கும் பேச ஆள் கிடைத்துவிட்டது.

கிளப்பின் அந்தப் பாயிண்ட் டூ டூ ரைபிள் பழசு. பின்கட்டையில் வார்னிஷ் உரிந்திருக்கும். தோட்டா சுண்டுவிரலில் பாதி நீளம், அவ்வளவுதான். விசையை இழுத்தால் தோளில் ஒரு தட்டு. குழந்தை தட்டி எழுப்புகிற மாதிரி. ஐம்பது மீட்டர் தூரத்தில் குறித்தாள். அதில் பத்து என்கிற வட்டம் சட்டைப் பட்டன் அளவுதான். அதை முதன்முதலாகக் கையில் எடுத்த அன்று ஐந்து தோட்டா கொடுத்தார் பாய். சுட்டு முடித்ததும் தூரக்கண்ணாடியில் பார்த்தார். மறுபடி பார்த்தார். தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவை பார்த்தார்.

"தங்கச்சி, இதுக்கு முன்னாடி எங்கயாவது சுட்டிருக்கீங்களா?"

"இல்லீங்க. ஏனுங்க, தாள்லயே படலீங்களா?"

"அஞ்சும் ஒரே இடத்துல இருக்கு. அஞ்சு ரூபாய்க் காசு வச்சா மூடிடும். நடுவுலதான் இல்ல, அது குறி பாக்குற சைட்டைத் திருகினா வந்துடும்."

பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் எம்பி எம்பிப் பார்த்தார். கோட்டைத் தாண்ட முடியாது.

காற்று எனக்குப் பிடிபட்டதுதான் பாய்க்கு ஆச்சரியம். சின்னத் தோட்டா என்பதால் காற்றுக்கு நகரும். புதிதாக வருகிறவர்கள் காற்றுக்காக நட்ட கொடியைப் பார்த்துப் பார்த்துக் குழம்பிப்போவார்கள். நான் பிறந்த வீட்டில் வருஷா வருஷம் களத்தில் நின்று தானியம் தூற்றினவள். காற்று எப்போது நிற்கும், எப்போது திரும்பும் என்று கன்னத்துக்கே தெரியும். காற்று ஒரே சீராக வீசுகிற நேரம் பார்த்து முறத்தைச் சாய்ப்பது போலத்தான் விசையை இழுப்பேன். இதைச் சொன்னதும் பாய் வாய்விட்டுச் சிரித்தார். அன்று முழுக்கக் கிளப்பில் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

சான்றிதழும் கிடைத்தது. அடுத்தபடியாக, எந்த அளவுத் துப்பாக்கி வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாசலில் முறுக்குப் பஞ்சாயத்து மறுபடி கூடியது. வீடியோவில் வருகிற பல அளவுகள் இங்கே பொதுமக்களுக்குக் கிடைக்காது என்று தெரிந்ததும் எல்லாருக்கும் கொஞ்சம் துக்கம். கடைசியில் த்ரீ ஒன் ஃபைவ் என்று முடிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் மான் வேட்டைக்குப் போனவர்கள் வைத்திருந்த பெரிய தோட்டா ரைபிள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். என் பேரில் வரப்போகிற துப்பாக்கி, நான் மட்டுமே தொடக்கூடிய துப்பாக்கி. அதை நாலு ஆம்பளைகள் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள். டீ கேட்டார்கள். சர்க்கரை போடாமல் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயிடம் சொன்னபோது, "கிளப்ல ஒண்ணு இருக்கு, சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். நூறு மீட்டரில் குறித்தாள் வைத்தார்கள். முதல் குண்டு. யாரோ தோளில் உலக்கையால் இடித்த மாதிரி. காதில் அடைப்பான் இருந்தும் தலைக்குள் கொய்யென்று இரைந்தது. நான் ரைபிளைக் கீழே வைத்து எழுந்து நின்றுவிட்டேன்.

"பயந்துட்டா! பயந்துட்டா!" என்று பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சிரித்தார்.

வந்ததே எனக்கு ரோஷம். மறுபடி படுத்தேன். இன்னும் நாலு குண்டு சுட்டேன். நாலும் கறுப்புக்குள். எழுந்து, புடவைக்கு மேல் போட்டிருந்த, சுடுகிறவர்கள் போடும் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி அவர் மடியில் போட்டேன். "என்னால ஆவும். ஆனா எனக்கு இது புடிக்கல."

பாய் ஒரு டீயோடு வந்து பெஞ்சில் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சார், மானுக்குன்னு செஞ்ச தோட்டாவோட வேலை ஒரே ஒரு தடவைதான். ஓடுற மிருகம் வலி தெரியாம ஒரே அடியில விழணும். அதுக்குத்தான் அத்தனை சக்தி. அது தப்புன்னு நான் சொல்லல, அந்த வேலைக்கு அது. தாள்ல சுடுறவங்களுக்கு வேலையே வேற. படுத்தா அறுபது குண்டு. மொத குண்டு எப்படிப் போச்சோ அறுபதாவதும் அப்படிப் போகணும். த்ரீ ஒன் ஃபைவ்ல அறுபது சுட்டா தங்கச்சி நாளைக்கு தோசைக் கரண்டி பிடிக்க முடியாது. அதனால மொதல்ல என்ன வேலைன்னு முடிவு பண்ணுங்க. அளவு தானா வந்துடும்."

"அதானுங் பாய், வேலை பன்னிக்குத்தானுங்" என்றார் என் வீட்டுக்காரர் விடாமல்.

பாய் என்னைப் பார்த்தார். நான் காலித் தோட்டாக்களைப் பொறுக்கப் போனேன். ஆனால் எனக்கு என்ன வேலை என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

கலெக்டர் ஆபீஸிலிருந்து நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். காரில் போகும் வழியெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல அவர் ஒப்பித்தார். "என்ன துப்பாக்கின்னா, த்ரீ ஒன் ஃபைவ். எதுக்குன்னா, பயிர்ப் பாதுகாப்பு. வேற ஒண்ணும் பேசாத. கையைக் கட்டிட்டு நில்லு." நான் தலையாட்டினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே உறுதி இல்லை.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். "உங்க பேர்ல ரெண்டு ரிக் வண்டி, பண்ணை, நிலம் எல்லாம் இருக்கு. பெரிய தொழிலதிபர்தான் போல" என்று சிரித்தார். பிறகு கேட்டார்: "சொல்லுங்கம்மா, என்ன துப்பாக்கி வேணும்? எதுக்கு வேணும்?"

என் வாழ்க்கையில் ஓர் ஆபீஸில் என்னிடம் "என்ன வேணும்" என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அதுவரை எல்லாரும் "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

"பாயிண்ட் டூ டூ வேணுமுங்க. போட்டியில சுடறதுக்கு வேணுமுங்க" என்றேன்.

பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருமினார். இருமல் நிற்கவில்லை.

அதிகாரி கோப்பைப் பார்த்தார். "பயிர்ப் பாதுகாப்புன்னு போட்டிருக்கே?"

"பன்னிக்கு சோலார் வேலி போட்டாச்சுங்க. இப்ப வரதில்லீங்க." அது நிஜம். இரண்டு மாதமாக ஒரு கதிர்கூடப் போகவில்லை. என் வீட்டுக்காரர்தான் அதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். "நான் கிளப்புல சேந்து சுட்டுட்டு இருக்கறனுங்க. நல்லாச் சுடறேன்னு சொல்றாங்க. எனக்குப் புடிச்சிருக்குதுங்க."

"அப்போ விளையாட்டுன்னு புதுசா விண்ணப்பம் போடணும்மா. கிளப் கடிதம், போட்டி விவரம் எல்லாம் வேணும். இதை ரத்து பண்ணிடலாமா?"

"பண்ணிருங்க."

எட்டு மாதம் அவர் அலைந்த அலைச்சல் அந்த ஒரு சொல்லில் காலி. வெளியே வந்து காரில் ஏறினோம். பாதி வழி வரை வண்டியை மட்டும் ஓட்டினார். பிறகு வெடித்தார். "என்ர மானத்த வாங்கிட்ட. கூட்டாளிக மூஞ்சில எப்படி முழிப்பேன்? எவ்வளவு அலஞ்சிருக்கறேன், ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டியா?"

அந்தக் கடைசி வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நீங்க எங்கிட்டக் கேட்டீங்களா?" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "ரெண்டு வண்டி என்ர பேர்ல. எந்தக் கம்ப்ரசர்னு கேட்டீங்களா? காடு என்ர பேர்ல. என்ன வெதைக்கலாம்னு கேட்டீங்களா? பண்ணை என்ர பேர்ல. ராசி வேணும்னா நான் வேணும், ரோசனை கேக்கோணும்னா நான் வேண்டாமா? நான் என்ன ஆளா, ரப்பர் ஸ்டாம்பா? எனக்கு வண்டியும் வேண்டாம், காடும் வேண்டாம். எல்லாத்தையும் நீங்களே வெச்சுக்குங்க. இந்த ஒண்ணு எனக்கு வேணும். எனக்குப் புடிச்ச அளவுல வேணும்."

அவர் கியரை மாற்றி வண்டியை வேகமாக விட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் பண்ணைக்குப் போய்விட்டார். இரண்டு நாள் செல்போனும் கையுமாகவே இருந்தார். சோறு போட்டால் சாப்பிட்டார், தண்ணீர் வைத்தால் குடித்தார். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கிளப்புக்கு அறுபது கிலோமீட்டர். அவர் கூட்டிப்போகவில்லை என்றால் எல்லாம் முடிந்தது என்று முதல் நாள் அழுதேன். இரண்டாவது நாள் பஸ் நேரம் விசாரித்தேன். திருச்செங்கோட்டிலிருந்து சேலம் ஒரு பஸ், அங்கிருந்து அயோத்தியாப்பட்டணம் ஒரு டவுன் பஸ். போய்விடலாம். போகத்தான் போகிறேன் என்று முடிவு செய்ததும் அழுகை நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கார் ஸ்டார்ட் ஆகி நின்றுகொண்டிருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் ஃபிளாஸ்க்.

"பஸ்ஸுக்கு நேரமாகுதுங்க" என்றேன் வீம்பாக.

"ஏறு புள்ள."

ஏறினேன். மல்லசமுத்திரம் தாண்டியதும் தொண்டையைச் செருமினார். "பாயிண்ட் டூ டூல தோட்டா, செஞ்சு வர்ற ஒவ்வொரு லாட்டுக்கும் ஒவ்வொரு மாதிரி சுடுதாமா. ஒரே கம்பெனின்னாலும் லாட் மாறுனா குறி மாறுமாம். நாலஞ்சு லாட் வாங்கி, எது நம்ம குழலுக்கு ஒத்துவருதுன்னு சுட்டுப் பாத்துத்தான் முடிவு பண்ணோணுமாம்."

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?"

"ரெண்டு நாளா அதைத்தானே பாத்துட்டு இருக்கறேன்" என்று செல்போனைக் காட்டினார். மான் வீடியோ எல்லாம் போய் எங்கு பார்த்தாலும் பாயிண்ட் டூ டூ. நான் சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டி இரண்டு பேரும் சிரித்தோம்.

ஆனால் ஆள் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். புது விண்ணப்பம் போட்டு, மாவட்டப் போட்டியில் நான் கிளப் ரைபிளால் சுட்டு, லைசென்ஸ் ஒருவழியாகக் கைக்கு வந்ததும், கடையில் போய் நின்று ஆரம்பித்துவிட்டார். "கனமான குழல்தான் வேணும். அந்தப் பெருசை எடுங்க." கடைக்காரர் பெரியதை எடுத்தார். நான் வேறொன்றைக் கேட்டேன். யாரோ வைத்திருந்து விற்ற ரைபிள். பின்கட்டை குட்டை. என் தோளில் வைத்ததும் கன்னம் தானாகப் போய் உட்கார்ந்தது. "இதுதான்" என்றேன். அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார். "அவங்க சொல்றதையே குடுங்க" என்றார் கடைக்காரரிடம். அந்த மூடின வாய்க்கு நான் அன்று சாயங்காலம் கோழி வறுத்தேன்.

சொந்த ரைபிளோடு சுடுதளத்துக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை பெட்டியை நான்தான் தூக்கினேன். அவர் விரிப்பு, தூரக்கண்ணாடி, ஃபிளாஸ்க் எல்லாம் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். கோட்டுக்குப் பின்னால் இருந்த மேடையில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நான் கோட்டுக்கு அந்தப்பக்கம் விரிப்பில் படுத்து, கையில் மாட்டுகிற வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பதிவேட்டுப் பொறுப்பில் புதிதாக ஒருவர் இருந்தார், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்றவர். பெட்டியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஆம்பளையைப் பார்த்தார்.

"நல்ல பொருள் சார். உங்களுதா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. எந்தச் செக்போஸ்ட்டில், எந்த ஆபீஸில் யார் கேட்டாலும், "நம்முளுதுதானுங்க, பேரு மட்டும் சம்சாரத்துது" என்று அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

"இல்லீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "அதா, படுத்துட்டு இருக்கறாங்களே, அவங்களுதுங்க. அவங்களே பாத்து எடுத்ததுங்க. நான் தொடக்கூடாதுங்க."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

பாய் கையசைத்ததும் நானே எழுந்து ரைபிளை எடுத்து வந்து படுத்தேன். கன்னத்தைக் கட்டையில் வைத்தேன். மூச்சை இழுத்தேன். கறுப்புப் பொட்டு இரண்டாகத் தெரிந்தது, நாலாகத் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் நின்றால் குறி எங்கே தெரியும்?

"அஞ்சு நிமிஷம் குடுங்க பாய்" என்றேன்.